தகரம் ஒட்டிய சைலன்சர்

அறுபதுகளில் மோட்டார் சைக்கிள் வாங்க எனக்கு வசதியில்லை. புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்த குட்டி எஞ்சினை என் சைக்கிளில் பொருத்தினேன். நம்பி ஏறலாம். அதோடு வந்த ஓட்டைச் சைலன்சரில் யாரோ தகரம் ஒட்டியிருந்ததால், சத்தம் மட்டும் தனி ரகமாகக் கேட்கும்.

திருவெள்ளறையில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு பெண் சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தம்ங்க. போன ஐப்பசியில தவறிட்டாரு. நாளைக்கும் இந்த வழியாத்தான் வருவீங்களா?”

அந்தச் சத்தம் கேட்டு அவர் மனம் நோகக் கூடாதென்று, அன்றே பழையதைக் கடையில் கொடுத்து வேறு சைலன்சர் மாட்டினேன்.

மறுநாளும் சொம்போடு நின்றிருந்தார். எதிரே நான் கடந்து போனதை அவர் கவனிக்கவேயில்லை. கண் சாலை வளைவிலேயே இருந்தது.

‘நாளைக்கும் வருவீங்களா’ என அவர் கேட்டது கெஞ்சல் என்று அப்போதுதான் புரிந்தது. கடைக்கு ஓடினேன். பழையதை உடைத்துவிட்டார்கள்.

அதன்பின் எத்தனை நாள் அப்படி நின்றாரோ.