அமுதாவிடம் இல்லாத பாட்டு

கேசட்டின் கண்ணாடித்தாளைக் கிழித்ததும் ஒரு வாசனை எழுந்தது; புதுச் செருப்புக்கும் ஆரஞ்சு மிட்டாய்க்கும் இடைப்பட்ட அந்த வாசனை என் மூக்குக்கு முழுதாக எட்டுவதற்குள் அமுதா மூடியைச் சாத்திவிட்டாள். அமுதா என் மாமா மகள். அத்தை வீட்டாருக்குப் பிரெஞ்சு "நேஷனாலிட்டி" இருந்ததால் அவரைக் கட்டிய மாமாவும் பாரீசுக்குப் போய், லீவு கிடைக்கும்போதெல்லாம் பெரிய பெரிய பெட்டிகளோடு, காரைக்காலில் அத்தையும் அமுதாவும் இருந்த தலத்தெரு வீட்டில் வந்து இறங்குவார். நாங்கள் நெரவியில், கொஞ்சம் வயலோடு இருந்தோம். அந்த முறை பெட்டியிலிருந்து எனக்கு வந்தது ஒரு சோப்பு. அமுதாவுக்கு வந்தது, ஓர் ஆங்கிலப் பாட்டுக் குழுவின் சிறந்த பாடல்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்த கேசட்.

குழுவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் தேடிக் கேட்பீர்கள், கேட்டுவிட்டு எப்போதோ தெரியும் என்பீர்கள். அந்த வகைக்கு சைக்கடெலிக் ராக் என்று பெயர் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. ஏழாம் வகுப்பில் தெரிந்ததெல்லாம், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் குழைந்த கிதாரும், ஒரு பாட்டில் வீணை மாதிரி ரீங்கரித்த ஏதோ ஒன்றும், அரைத்தூக்கத்தில் பாடுகிற குரலும், ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே அடுத்தது கரைந்து உள்ளே வந்துவிடுவதும்தான். கேட்டவர்கள் எல்லாரும் எந்தப் படம் என்றுதான் விசாரித்தார்கள். படமில்லாமல் பாட்டு இருக்கும் என்பதை என் அப்பா கடைசிவரை நம்பவில்லை. அத்தை மட்டும், "வேப்பில அடிக்கிறாப்புல இருக்கு, சத்தத்தக் கொறடி" என்பார்.

அமுதா கேட்டிருந்ததோ நடந்தால் விளக்கு எரியும் செருப்பு. அது வராத கோபத்தில் கேசட்டை அலட்சியமாக நடத்தினாள்; பாட்டைப் பாதியில் நிறுத்துவாள், டப்பாவில் ஹேர்பின் போட்டு வைப்பாள். குரங்கு கையில் பூமாலை என்பது அதுதான். எனக்கு வயிறு எரிந்தது. அவளைவிட எனக்குத்தான் அது வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் நான் போகும்போதெல்லாம் சினிமாப் பாட்டு வைப்பாள். அம்மா ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தவ இலையப் பாத்துக்கிட்டே இருந்தா நம்ம சோறு ஆறிப்போவும்" என்றார். என் இலையில் என்ன இருந்தது ஆறிப்போக?

கடைசியில் அத்தை சொல்லித்தான், பதிவு செய்துகொண்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்ற கட்டளையோடு அமுதா அதைக் கொடுத்தாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு "ரெக்கார்டிங் சென்டர்" இருந்தது. கடைக்கார அண்ணன் எல்லாப் பாட்டுக்கும் கொஞ்சம் "எக்கோ" சேர்த்துத் தருவதில் பெயர் எடுத்தவர். கடையில் அறுபது நிமிட வெற்று டேப் தீர்ந்துவிட்டது என்று தொண்ணூறு நிமிட டேப்பில் பதிந்து கொடுத்தார்.

வீட்டில் போட்டுக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு தேய்ந்து மறையும்போதே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நாயனம் எழுந்தது. எதிரொலியில் ஒன்று நாலாகி, குளத்துக்கு அந்தக் கரையிலிருந்து யாரோ வாசிப்பதுபோல் மிதந்து வந்தது. நான் ஆச்சரியப்படவில்லை. வீணை வாசிக்கத் தெரிந்த வெள்ளைக்காரனுக்கு நாயனம் வாசிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் அமுதாவின் கேசட்டில் அந்தப் பாட்டு இல்லை என்பது மெல்ல உறைத்ததும், என் வாழ்நாளில் அதுவரை அறியாத ஒரு சந்தோஷம் வந்தது.

மறுவாரமே பள்ளியில் அமுதாவிடம் சொன்னேன். சனிக்கிழமை பஸ் ஏறி நெரவிக்கு வந்தாள். அவள் தானாக எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "எங்கிட்ட இல்லாத பாட்டு உங்கிட்ட எப்புடிடி வந்துச்சு?" என்றாள். "உன்னுது சின்ன கேசட்டு" என்றேன். தரையில் உட்கார்ந்து, பேட்டரி இளைத்து நாயனம் இழுபடும்வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு, பதிந்துகொள்ளத் தருவாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அடுத்த மாதமே அம்மாவும் மகளும் பாரீசுக்குப் போய்விட்டார்கள்.

உண்மை தெரிந்தது அக்கா கல்யாணத்துக்குப் பாட்டு பதியப் போனபோது. "பாக்கி டேப்பு வெறுமனே ஓடுனா ஏமாத்திட்டேன்னு நெனப்பாங்க பாப்பா. அதான் எங்க விழிதியூர் கோயில்ல நான் புடிச்ச நாயனத்தப் போட்டு நெரப்புனேன்" என்றார் அண்ணன். அந்த நாயனத்தின் மூலப் பதிவின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டாராம். ஆக அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என் கேசட் பூஞ்சை பிடித்து அறுந்துவிட்டது. அந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களும் போனிலேயே கிடைக்கின்றன. தொகுப்பில் நாங்கள் கேட்டவை பாதியாக வெட்டிய பாட்டுகள் என்பது இப்போதுதான் தெரிகிறது. விவரமானவர்கள் தொகுப்பு கேட்பவர்களை மதிப்பதில்லை. இருந்தாலும் ஒரு பாட்டு முடிந்ததும் என் காது அந்தத் தொகுப்பின் அடுத்த பாட்டுக்குத்தான் தயாராகிறது.

போன வாரம் அமுதா வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் அலமாரி முழுக்க அந்தக் குழுவின் இசைத்தட்டுகள். அவர்களில் மிஞ்சியவர்கள் மேடையேறியபோது நேரிலேயே பார்த்தாளாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பிறகு, "எல்லாம் இருக்கு சுமதி, அந்த நாயனப் பாட்டு மட்டும் எதுலயும் இல்லடி. எத்தன வருசமாத் தேடுறேன் தெரியுமா" என்றாள். "நல்லாத் தேடு, இருக்கும்" என்றேன். சொல்வதாக இல்லை, இனிமேலும் சொல்லமாட்டேன்.

"இதானே?" என்று அவள் முனகத் தொடங்கினாள். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சுரம் பிசகாமல். நடுவில் ஓரிடத்தில் கீழே இறங்கி, தயங்கி, மேலே ஏறும். நூறு தடவை கேட்ட எனக்கு அந்த இடம் அடியோடு மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு மத்தியானம் கேட்டவள் அதை வைத்திருக்கிறாள்.