சந்து முனையில் விழுந்த புள்ளி

தோ மால்சுன் மீனைக் கொல்லும் விதம் ஒன்றுதான். தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடித்து எடுப்பாள். பாம்பு போன்ற அந்தக் கடல்மீன் கையெல்லாம் கோழையைக் கக்கிக்கொண்டு நழுவும். தலையைப் பலகையில் அழுத்தி, குத்தூசியை வைத்து, சுத்தியலால் ஓர் அடி. கழுத்தைச் சுற்றிக் கத்தியால் கீறிவிட்டு வால் பக்கமாக ஓர் இழுப்பு. தோல் காலுறை கழல்வது போல முழுதாக வந்துவிடும். தோல் போன பிறகும் மீன் நெளியும். துண்டு போட்டுக் கம்பிவலையில் பரப்பிய பிறகும் துண்டுகள் துள்ளும். கொரியாவின் பூசான் துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால், கொம்ஜாங் எனும் இந்த மீனைச் சுட்டு விற்கும் எங்கள் சந்தில் எல்லாக் கடைகளிலும் இதுதான் நடக்கிறது. மால்சுன் அதை முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் செய்வாள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவள் மலைச்சரிவுக் குடிசைகளில் பிறந்தவள். சிறுமியாகவே செருப்புத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே ஒரு மேற்பார்வையாளன் ரப்பர் அடித்தட்டால் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் பசை வாளியை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். கட்டிக்கொண்டவன் ஆழ்கடல் படகில் வேலை பார்த்தவன், கரைக்கு வந்தால் அடிப்பான். ஒரு குளிர்காலத்தில் அவன் உதைத்து அவளுக்கு விலா எலும்பு முறிந்தது. அவள் திருப்பி அடித்ததில் அவனுக்கு முன்பற்கள் போயின. அடுத்த படகில் போனவன் திரும்பவில்லை. கடலில் மூழ்கிவிட்டான் என்று சந்தில் சொல்கிறார்கள். அது சரியல்ல. வேறொரு துறைமுகத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான்.

மாமியார் நடத்தி அவளுக்கு வந்த கடை சந்தின் பின்கோடியில் இருந்தது. முன்பு பின்வாசல் வழியாகவும் ஆட்கள் வருவார்கள் என்பதால் அது நல்ல இடமாகத்தான் இருந்தது. வாகன நிறுத்தக் கட்டடம் எழும்பிப் பின்வாசல் அடைபட்டதும், அவள் கடை முட்டுச்சந்தின் கடைசிக் கடையாகிவிட்டது. ஈ காக்கை இல்லை. ஆண்டுக் கடைசியில் கூடும் வியாபாரிகள் சங்கம், ஆள் வராமல் கிடக்கும் இடத்தைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். சங்கத்தின் எழுத்தர் நான்தான். எச்சரிக்கைத் தாளை அவளிடம் கொடுத்ததும் நான்தான்.

"இந்த இடமும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றாள்.

"ஆள் வரணும்மா. அவ்வளவுதான்."

"வா வான்னு கத்தினா சந்து முனைக்குக் கேக்குமா?"

கேட்டாலும் கத்தக்கூடாது. வாடிக்கையாளரின் கால் யார் கடை முன்னால் இருக்கிறதோ, அந்தக் கடைக்காரர்தான் அழைக்கலாம், கையைப் பிடித்து இழுக்கலாம். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இது எங்கள் சந்தின் முறை. முனைக் கடைக்காரன் பியோ சாங்தே அந்த முறையில்தான் பிழைத்தான். அவன் மீனைக் கருக்கிவிடுவான், ஆனால் அவன் பிடி உடும்புப் பிடி.

மாவட்ட அலுவலகத்தில் சிறு வியாபாரிகளுக்குச் செல்பேசி வழியாக விற்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று நடந்தது. மால்சுன் போனாள். கடையை வரைபடத்தில் ஏற்று, திறக்கும் நேரத்தைப் போடு, படம் போடு, சாப்பிட்டவர்கள் எழுதும் கருத்துக்குப் பதில் சொல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் எல்லாவற்றையும் செய்தாள். சுட்ட மீனை எள் இலையில் சுற்றி வைத்த தட்டைப் படமெடுத்துப் போட்டாள். யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் செல்பேசியைக் குழம்புச் சட்டியில் சாய்த்து நிறுத்தி, தான் மீனைக் கொல்வதை எடுத்துப் போட்டாள்.

வகுப்பில் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, ரத்தம் வேண்டாம்க்கா. சாப்பாட்டைக் காட்டுங்க. நீங்க சிரிச்ச முகமா நில்லுங்க."

"சாப்பாட்டை ஊரே காட்டுது, டீச்சரம்மா. நான் சிரிச்சா வந்தவனும் ஓடிருவான்."

படம் பரவியது. கொலைகாரி என்று எழுதினார்கள். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றார்கள். இன்னொன்று கொல்லுங்கள் அக்கா என்றும் எழுதினார்கள். அவள் தினமும் ஒன்று போட்டாள். நேரில் பார்க்க வருகிறோம், இடம் எங்கே என்று சியோலிலிருந்தெல்லாம் கேட்டார்கள். வரைபடத்தில் இருக்கிறது, வாருங்கள் என்று பதில் எழுதினாள்.

ஆனால் ஒருவரும் வரவில்லை. அதைவிட மோசமாக, சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லித் திட்டி எழுதத் தொடங்கினார்கள். ஒரே கருகல். காசுக்குக் கேடு. படத்தில் வரும் அக்கா அங்கே இல்லவே இல்லை. கிழவன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். கடைக்கு மதிப்பாகப் போடும் ஐந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ஒன்றில் வந்து நின்றன.

நான் அவள் கடையில் உட்கார்ந்திருந்தபோது செல்பேசியை என் முன்னால் நீட்டினாள்.

"என் கடையில ஏதுங்க கிழவன்? உங்களைத்தான் சொல்றாங்களா?"

"நான் யார் சட்டையையும் பிடிக்கலையேம்மா."

"வாங்க. இந்த மேப்பு எங்க கூட்டிட்டுப் போகுதுன்னு பார்த்துருவோம்."

மீன் குத்திக்கொண்டிருந்தவள் குத்தூசியைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய சாலைக்குப் போய், புதிதாக வருபவர்களைப் போலச் செல்பேசி சொல்லும் வழியில் நடந்தோம். சந்து முனையில், பியோவின் நீலத் தொட்டிக்கு முன்னால், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது செல்பேசி. சந்து முழுவதற்கும் மனை எண் ஒன்றுதான். மின்கட்டணமும் தபாலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பிரித்துக் கொடுப்பது சங்கத்தின் வேலை. அதனால் வரைபடம் கேட்டபோது அவளும் அந்த எண்ணையே எழுதியிருந்தாள். வரைபடம் மனையின் வாசலில் புள்ளி வைத்துவிட்டது. வாசலில் இருப்பவன் பியோ.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளம் ஜோடி செல்பேசியைப் பார்த்தபடி வந்து அங்கே நின்றது.

"அந்த வீடியோ அக்கா கடை இதுதானாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பியோ ஏற்கெனவே அவள் கைச்சட்டையைப் பிடித்திருந்தான். "இதேதாம்மா. அவ குளிக்கப் போயிருக்கா. உக்காருங்க, வந்திருவா."

"யோவ் பியோ," என்றாள் மால்சுன். "நான் எப்பய்யா உன் வீட்டுல குளிச்சேன்?"

அவன் திரும்பினான். வெட்கப்படவில்லை. "கத்தாதே. என் வாசல்ல கால் வச்சவன் என் ஆளு. உன் மாமியார் காலத்து முறை."

"என் பேரைச் சொல்லிக் கருகினதைப் போட்டிருக்கே. எனக்கு இடம் போகப்போகுது."

"போகட்டுமே. முட்டுச்சந்துல எலி பிடிச்சுட்டுத்தானே இருக்கே?"

அவள் அந்தப் பெண்ணின் கையை அவன் பிடியிலிருந்து பிய்த்தாள். அவன் மால்சுனின் மார்பில் கைவைத்துத் தள்ளினான். அவள் கரியடுப்பின் மேல் விழுந்தாள். அடுப்பு கவிழ்ந்து, எரிகிற கரி அவள் முன்கையில் கொட்டியது. தோல் பொசுங்கும் வாடை எனக்கு வந்தது. அவள் கத்தவில்லை. எழுந்து, பக்கத்து மேசையிலிருந்த வாணலியால் அவன் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் தடுமாறிப் பலகையில் கையூன்றினான். அவள் விடாமல் வைத்திருந்த குத்தூசியை அந்தக் கை மேல் ஊன்றி, வாணலியின் அடியால் ஓங்கி அறைந்தாள். ஊசி உள்ளங்கை வழியாகப் பலகையில் இறங்கியது. பியோ மாட்டைப் போல அலறினான். இளம் ஜோடி ஓடிவிட்டது.

"அசையாதே," என்றாள் அவள் மூச்சு வாங்க. "அசைஞ்சா கிழியும். மீனுக்கும் அப்படித்தான்."

நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துதான் ஊசியைப் பிடுங்கினோம்.

எங்கள் சந்தில் எல்லோர் கையிலும் கத்தி இருக்கிறது. ஆகவே கருவியை மனிதர் மேல் வைத்தவர் அன்றே கடையை விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆண்டுக் கடைசி வரைகூட அவளுக்குக் காலம் இல்லை. மறுநாள் சங்கம் கூடியது. மால்சுன் முழங்கை வரை கட்டுப் போட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பியோவின் கட்டு தலையணை போல இருந்தது. ஊசி எப்படி இறங்கியது என்று கூட்டம் தொடங்கும் முன்பு மற்றவர்களைக் கேட்டதற்குத் தெரியாது என்றார்கள். என்னைக் கேட்டிருந்தால் பார்த்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் சங்க வழக்கப்படி கூட்டத்தில் காயம்பட்டவனைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"குத்தினாளா?" என்று கேட்டார் தலைவர்.

பியோ தன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மீனுக்கு வச்ச ஊசி. நழுவிருச்சு."

"உன் பலகையில அவ எதுக்கு மீன் குத்தினா?"

"ஒத்தாசைக்கு வந்தா."

"காதுல வாணலி பட்டதும் ஒத்தாசைதானா?"

"சின்னச் சந்து. இடம் பத்தாது."

கூட்டம் சிரித்தது. காயம்பட்டவனே அப்படிச் சொன்ன பிறகு விதியை யார் மேலும் ஏவ முடியாது. அவன் சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதினேன்.

வெளியே வந்ததும் மால்சுன் அவன் வழியை மறித்தாள்.

"எதுக்குய்யா பொய் சொன்னே? பயந்துட்டியா?"

"உனக்கா? த்தூ. உன் படத்தைப் பார்த்து வர்ற கூட்டத்துலதான் இந்தக் குளிர்காலமே என் அடுப்பு எரியுது. உன்னைத் துரத்திட்டா எவன் வருவான்?"

"அந்தப் புள்ளியை நகத்திருவேன்."

"நகத்திக்கோ. என் வாசலைத் தாண்டித்தானே போகணும்?"

"என்னைத் தேடி வந்தவனைத் தொட்டா அடுத்த கை."

"அடுத்த கைதான்டி இருக்கு எனக்கு. இந்தக் கையை வச்சு மீனுக்குத் தோல் உரிக்க முடியுமா? நீதான் வந்து உரிக்கணும், ஆறுற வரைக்கும். இல்லேன்னா இப்பவே உள்ளே போய் ஊசி நழுவலைன்னு சொல்லுவேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி ஒரு வசவு சொன்னாள். பிறகு, "காலையில தொட்டியைத் திறந்து வை," என்றாள்.

அன்றே செல்பேசியில் புள்ளியை விரலால் இழுத்துச் சந்தின் பின்கோடியில் வைத்தாள். அதன் கீழே, முனையில் நிற்பவன் கூப்பிட்டாலும் நிற்காதீர்கள், கடைசிக் கடை என்று எழுதினாள். திட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும், நீங்கள் சாப்பிட்டது என் கடையில் இல்லை, வாருங்கள், ஒரு தட்டு என் செலவு என்று பதில் போட்டாள். சிலர் வந்தார்கள். பிறகு பலர் வந்தார்கள். ஒற்றைக் கையோடு பியோ அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான், பிடித்து இழுக்கவில்லை. ஆண்டுக் கடைசியில் அவள் இடம் அவளுக்கே எழுதப்பட்டது.

காலையில் அவள் பியோவின் பலகையில்தான் முதலில் குத்துவாள். வெந்த கையில் தோல் இன்னும் இறுகவில்லை. சுத்தியலை ஓங்கும்போது பல்லைக் கடிப்பாள்.

"மெதுவாக் குத்து," என்பான் அவன், பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து. "எனக்கு வலிக்குது."

"மீனுக்கா, உனக்கா?"

"பார்க்கிறவனுக்கு."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பு," என்பாள். அடுத்த மீனுக்காகத் தொட்டிக்குள் கைவிடுவாள்.