இரண்டாம் நாள் கோழி

லண்டன், பிப்ரவரி 1989. காலை பத்து மணிக்குக் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) நிலையத்தில் ரயில் ஏறினோம். வானம் சிமெண்ட் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. என்னைத் தன் அறையில் தங்கவைத்திருக்கும் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது. சோஹோவில் ஒரு சீன உணவகத்தில் பத்து மாதமாகப் பாத்திரம் கழுவுகிறார், காய் நறுக்குகிறார். மனைவி கொழும்பில் ஒரு லாட்ஜில் காத்திருக்கிறார்.

"வேலை நிலையா இருக்கெண்டு காட்டினாத்தான் அவவை இஞ்ச எடுக்க ஏலும் அண்ணை. வைகாசிக்குள்ள அலுவல் முடிஞ்சிடும்," என்றார்.

அன்று சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். கடை திறக்குமுன் முதலாளி ஊழியர்களுக்கு விருந்து வைக்கிறார். கான்டன் வட்டாரச் சமையலைப் பற்றிச் சென்னையில் நான் வேலை பார்க்கும் பத்திரிகைக்கு எழுத விரும்பிய என்னையும் சிவராசா அவரிடம் கேட்டு அழைத்துப் போனார்.

எம்பாங்க்மென்ட்டில் இறங்கிப் பதினைந்து நிமிட நடை. ஜெரார்ட் தெருவில் பட்டாசின் சிவப்புத் தாள்கள் மழையில் ஊறிக் கூழாகியிருந்தன. கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வறுத்த வாத்துகள் தொங்கின.

கான்டன் தென்சீனத்தில் இருக்கிறது. அதன் சமையலில் மசாலாவுக்கு வேலையில்லை. உணவக மேசைக்கு முழு மீன் ஒன்று இஞ்சியோடும் வெங்காயத்தாளோடும் ஆவியில் வெந்து வந்தது. உலர்ந்த சிப்பியைத் தலைமுடி போன்ற கறுப்புப் பாசியோடு சமைத்திருந்தார்கள். நடுவில், தலையோடு வெள்ளைக் கோழி. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அதில் மெல்ல வேகவைத்து, பின் ஐஸ் தண்ணீரில் முக்குவார்களாம். தோல் வழுவழுப்பாக இறுகியிருந்தது, எலும்பருகே இளஞ்சிவப்பு.

"முதன்முதலா இதைத் திண்டிட்டு, தூள் போட மறந்திட்டாங்களெண்டு நினைச்சனான்," என்று சிவராசா என் காதில் சொன்னார்.

முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். ஹாங்காங் கிராமப்புறத்திலிருந்து வந்தவர். எதிரே உட்கார்ந்திருந்தவர் குச்சிகளால் ஒரு தொடைத் துண்டை எடுத்து, மேசைக்குக் குறுக்கே நீட்டி, சிவராசாவின் கிண்ணத்தில் வைத்தார். மற்றவர்களின் குச்சிகள் நடுவழியில் நின்றன. சிவராசா முகம் மலர்ந்து எழுந்து நன்றி சொன்னார். விருந்தாளி பக்கத்தில் இருக்கும்போது நல்ல துண்டைத் தான் தின்பது அவருக்கு வழக்கமில்லை. அதைத் தூக்கி என் கிண்ணத்தில் போட்டார்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். பரிமாறும் லோ, ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தமிழரோடு வளர்ந்த மலேசியச் சீனர், என்னைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார்: "அண்ணே, ஒங்க வேல போச்சு! பேப்பர் ஆபீஸ்ல சொல்லிருங்க!"

"என்ன அது?" என்றேன்.

"ரெண்டாம் நாளு மொதலாளி யாருக்குக் கோழி வைக்கிறாரோ, அவருக்கு இனிமே வேல இல்ல. வாயால சொல்ல மாட்டாங்க. பழைய பழக்கம்." சொல்லி முடிக்கும்போதே லோவின் குரல் இறங்கிவிட்டது.

"சும்மா பகிடி விடாதையும் லோ," என்ற சிவராசா முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்து மறுபடி சிவராசாவின் கிண்ணத்திலேயே வைத்தார்.

சிவராசா அதை முழுவதும் சாப்பிட்டார். என் துண்டு ஆறிக் கிடந்தது.

வாசலில் லோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிறிஸ்மஸ்லேர்ந்து யாவாரமே இல்லண்ணே. கடைசியா சேந்தவரு இவருதான்."

திரும்பும் ரயில் டவர் ஹில் நிலையத்தைத் தாண்டியது. சிவராசா, "பின்னேரம் அவவுக்கு ஃபோன் எடுக்கிறனெண்டு சொன்னனான். விருந்துக்குப் போறதையும் சொல்லிப்போட்டன்," என்றார்.

சென்னையில் எங்கள் அலுவலகத்தில் ஆளை நீக்கினால் தட்டச்சிட்ட ஒரு தாள் வரும். அதைக் கிழிக்கலாம், அதைக் காட்டி வழக்குப் போடலாம். சாப்பிட்ட கோழியை என்ன செய்வது?

பார்க்கிங்கில் தூறல். நிலையத்துக்கு வெளியே இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் அவர் நுழைந்தார். கதவு சரியாக மூடவில்லை.

"ஓம்... ஓம், நல்ல சாப்பாடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "முதலாளி தன்ர கையாலை வைச்சவர். ரெண்டு தரம்."