எடைமேடைக்கு ஒரு புதுக் கெர்னல்

ஷைனிக்கு வீடு ராயபுரத்தில், வேலை திருவொற்றியூரில். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடையை ஒட்டிய தகர அறையில், பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றுடன் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. லாரி மேடையேறினால் திரையில் எடை விழ வேண்டும், சீட்டு வர வேண்டும். வராவிட்டால் ஷைனியைக் கூப்பிடுவார்கள். தங்கையின் கல்யாணப் பூசைக்கு நடுவிலும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன மாதம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. வரும் திங்கட்கிழமைக்குள் ரிலீவிங் லெட்டரோடு வரச் சொன்னார்கள். மேனேஜர் வேதமாணிக்கம் மறுக்கவில்லை. பழைய கெர்னலில் ஓடும் மெஷின்களை இனி நெட்வொர்க்கில் சேர்க்க முடியாது என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது; அதை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கெர்னல்தான் மெஷினுக்கு அஸ்திவாரம். எடைமேடையின் கம்பி வந்து சேரும் கார்டு மிகப் பழையது; புதுக் கெர்னல்களுக்கு அதை அடையாளமே தெரியாது. ஆகவே மூலநிரலை இறக்கி, அந்தக் கார்டுக்கான பகுதியைத் தானே திருத்திச் சேர்த்து, மெஷின் ஓட்டக்கூடிய வடிவமாகக் கம்பைல் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பித்தாள். இருப்பது அந்த ஒரே மெஷின். எடையும் அதில்தான் போட வேண்டும். கம்பைல் ஓட ஓட மெஷின் திணறி, ஒரு சீட்டு வர மூன்று நிமிஷம் ஆயிற்று. மணலி ரோடு வரை லாரிகள் நின்றன.

"இன்னாமே, எட போட்றியா, சோறு பொங்கிகினு கீறியா?" என்றார் ஒரு டிரைவர்.

"பொங்கிகினுதான் கீறேன். துன்ட்டுப் போ," என்றாள் ஷைனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து மணிக்குப் பிழை காட்டி நின்றது. தான் சேர்த்த பகுதியில் இரண்டு வரிகளை மாற்றி மறுபடி ஓடவிட்டாள். ஒன்றரைக்கு முடிந்தது. புதியதை நிறுவ டிஸ்க்கில் இடம் போதவில்லை. பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருப்பதுதான் வழக்கம். புதியது எழாவிட்டால் அதற்குத் திரும்பலாம். இங்கே அழித்தால்தான் இடம். அழித்தாள். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டாள்.

எழுந்தது. முதல் லாரிக்கே எடை விழுந்தது.

வேதமாணிக்கம் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். அடுத்த அப்டேட் வந்தால் தானாக ஏறிக்கொள்ளுமா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல சார். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி கையால பண்ணணும்."

"யாரு பண்ணுவா?"

எல்லாவற்றையும் நான்கு தாளில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, எடை கிளார்க் ஜாபரிடம் நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"லாரி நம்பர்னா நான் பாத்துக்குவேன்கா. இத்த தொட்டு எதுனா ஆச்சுன்னா எனக்கு வேல பூடும்."

தெரிந்த ஆள் கிடைக்கும்வரை லெட்டரைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார் வேதமாணிக்கம். குரலில் கோபமே இல்லை.

வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, ஒரு மாதம் தவணை கேட்டாள். தலைமை சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் நிற்கக்கூடாதே, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

உள்ளே ஜாபர் சாப்பிடக் கிளம்பியிருந்தான். அடுத்த லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே மேடையேறியது. ஷைனி அவன் நாற்காலியில் உட்கார்ந்து, எடையைப் பார்த்து, சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.