சுவரில் தலைகீழாக நடந்த அத்தை

எனக்கு அம்மை போட்டபோது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் முன்னறையில் என்னைப் படுக்கப் போட்டார்கள். வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று பலகைச் சன்னலைச் சாத்தினார்கள். கதவையும் சாத்தி, நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். உடம்பெல்லாம் அரித்தது. சொறிந்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்தால் கல்யாணம் ஆகாது என்று அம்மா பயமுறுத்திவிட்டுப் போவாள். தழும்பே இல்லாத என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருந்த எனக்குத் தழும்பு அவ்வளவு கெட்ட சாமானாகத் தெரியவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோருக்குச் சொந்தம், கோலா கங்சார்க்காரர். மோட்டார் சைக்கிளும் ஒரு தங்கப் பல்லும் வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தைக்கு ஈப்போவுக்குப் போகவேண்டும். அவளுடைய கூட்டாளி ஒருத்தி அங்கே, நாங்கள் கிலாங் என்று சொல்லும் தொழிற்சாலையில், நுண்நோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். அதைப் பற்றி அத்தை ஒரே ஒரு தடவைதான் அப்பாவிடம் கேட்டாள்.

“பொம்பளப் புள்ளைய கிலாங்குக்கு அனுப்பி நாம சாப்புடணுமாலா? மண்டோர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார்கள். மதியம்தான் திரும்புவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை வேலைக்குப் போகாமல் நின்றாள். இருட்டறையில் படுத்திருக்க என்னால் முடியவில்லை. புரண்டு படுத்தேன், சுவரை உதைத்தேன், பாயைப் பிய்த்தேன். அப்படிப் புரண்டபோதுதான் எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் ஏதோ அசைவதைக் கண்டேன். சிவப்பாக ஒரு பாதை மேலே தொங்கியது. அதற்குக் கீழே ரப்பர் மரங்கள் தலைகீழாக நின்றன. அடியில், தரையை ஒட்டி, நீல வானம். ஒரு மாடு கால்களை மேலே வைத்துக்கொண்டு அதன்பாட்டுக்குப் போனது.

நான் போட்ட சத்தத்தில் அத்தை கரண்டியோடு ஓடிவந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாசல் பக்கத்துப் பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்ததைப் பார்த்தாள். அதை விரலால் அடைத்தாள். மாடு, மரம், வானம் எல்லாம் போயின. விரலை எடுத்தாள். எல்லாம் திரும்பி வந்தன.

“அம்மாடி! வீட்டுக்குள்ளயே படம் ஓடுதுலா!” என்று சிரித்தாள். கல்யாணம் நிச்சயமானதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். உடனே வெளியே ஓடினாள். சுவரில் ஒரு குட்டி அத்தை தலைகீழாக வந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஓரங்கள் கரைந்து மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் வண்ணங்கள் அப்படியே இருந்தன. பாவாடையின் பச்சைகூடத் தெரிந்தது. வெயில் கூடக் கூடப் படம் தெளிந்தது, மேகம் மறைத்தால் அழிந்தது. அதற்குப் பிறகு எனக்கு அரிப்பு குறைந்தது என்று சொல்லமாட்டேன். சொறிந்துகொண்டே படம் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வரவேண்டிய வாரம் அது. ஒருநாள் காலையில் அத்தை எனக்குக் கஞ்சி ஊட்டினாள். “எழும்பக்கூடாது, என்னா? படுத்துக்கிட்டே படம் பாரு” என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் சுவரில் அவள் வந்தாள். நீலச் சேலை, கையில் மஞ்சள் பை. எனக்கு விளையாட்டுக் காட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் கையை ஆட்டினேன். அவள் கையை ஆட்டவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு விடுவிடுவென்று நடந்து, கோயில் பக்கத்து ஓரத்தில் மறைந்துபோனாள். அவள் திரும்பி வருவாள் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடுதான் வந்தது.

மதியம் வீடு இரண்டுபட்டது. அப்பா பின்பக்கம் ஓடினார், கிணற்றடிக்கு ஓடினார், அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் தட்டினார். மண்டோரும் நாலைந்து பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“அத்தை செவுத்துல தலைகீழா நடந்து போனாங்க.”

அடுத்த வீட்டு அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சி. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரக் கூப்புடு. இல்லன்னா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவணும்.”

அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுடைய கையில் ரப்பர் பால் வாடை அடித்தது. “எந்தப் பக்கம் போனா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சுவரைக் காட்டி, கோயில் பக்கமாகக் கையை நீட்டினேன். அம்மா சுவரைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய சைக்கிள் அதில் தலைகீழாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், “புள்ள பாத்துருக்கு. கோயில் பக்கமாப் போனாளாம்” என்றாள்.

கோயிலுக்கு அப்பால், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த பழைய குட்டை ஒன்றுதான் இருந்தது. பஸ் நிற்கும் பெரிய சாலை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். குட்டையில் முன்பு ஒரு பெண் விழுந்திருக்கிறாள் என்பது எனக்குக்கூடத் தெரியும். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். அம்மாவும் போனாள்.

மாலைவரைக்கும் தேடினார்கள். அப்பா முங்கி முங்கித் தேடியதாகவும், வாயில் நுரை தள்ளியும் கரையேற மறுத்ததாகவும் பிறகு சொன்னார்கள். சாயங்காலம் பீடோரிலிருந்து திரும்பிய தோட்டத்து லாரி ஓட்டுநர்தான், “ஒங்க தங்கச்சி காலையில ஈப்போ பஸ்ல ஏறுனத நான் பாத்தேனே அண்ணே” என்றாராம். அப்பா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாராம். மண்டோர், இப்போதே கிளம்பினால் பெண்ணைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்.

“உசுரோட இருக்கால்ல? போதும்லா. யாரும் போவ வேணாம்” என்றிருக்கிறார் அப்பா.

அத்தை தீபாவளிக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அப்பா அவளைத் திட்டவில்லை. கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். கோலா கங்சாரிலிருந்து யாரும் வரவில்லை. என் சொல்லைக் கேட்டு எல்லாரும் திசை தவறிப் போனது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அத்தை கோயில் வரைக்கும் போய், சாமி கும்பிட்டுவிட்டுச் சுற்றிப் போயிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். இடைநிலைப்பள்ளி நான்காம் படிவத்தில் அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் ஒரு பெட்டி, அதில் ஒரு துளை, வெளியே ஒரு மரம் வரைந்தார். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கோடு, அடியிலிருந்து ஒரு கோடு. இரண்டும் துளையில் வெட்டிக்கொண்டு உள்ளே இடம் மாறின. ஒளிக்கு வளையத் தெரியாது, நேராகத்தான் போகும், அதனால்தான் மேலே இருப்பது கீழே விழுகிறது என்றார். என் கை என்னைக் கேட்காமலே உயர்ந்தது.

“இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் விழுமா, டீச்சர்?”

“விழும். நாலு பக்கமும் மாறும்.”

அதற்கு மேல் பாடம் என் காதில் ஏறவில்லை. பெரிய சாலைக்குப் போகிறவள் சுவரில் கோயில் பக்கம்தான் போவாள். பஸ்ஸைவிட்டு இறங்கி வீடுவரை ஓடினேன். அம்மா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெத்திலித் தலையைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“நீ பொறந்தப்ப பத்தியத்துல நானும் அந்த ரூம்லதான கெடந்தேன்? ஒங்கப்பா பெரிய ரோட்டுக்குப் போனா செவுத்துல கோயில் பக்கமாத்தான் போவாரு. தெனம் பாத்தது எனக்குத் தெரியாதா?”

“அத்தை போவப்போறாங்கன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. நீ கைய காட்டுனப்பதான் தெரிஞ்சிச்சி.”

“அப்ப அப்பா குட்டைல எறங்குனப்ப?”

அம்மாவின் விரல்கள் நின்றன. கூடத்தில் அப்பா வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தினாள். “ஒவ்வொரு தடவ முங்கி எழும்புறப்பயும் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். சொன்னா அப்பவே ஈப்போவுக்குப் போயி அவளப் புடிச்சிக் கொண்டாந்துருப்பாங்க. அவரு தலை வெளிய வர்ற வரைக்கும் எனக்கும் மூச்சு வராது. இன்னிக்கு வரைக்கும் அவருகிட்டச் சொல்லல. நீயும் சொல்லாத.”

அத்தை போன அந்தச் சாயங்காலம் அப்பா சேறும் தண்ணீருமாக வந்து வாசலில் உட்கார்ந்தார். அம்மா துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அவர் முதுகில் விழுந்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பாயில் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சளி பிடித்துவிடுமே என்று பயந்துதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.