சன்னல் கம்பியும் செண்பகம் அக்காவும்

செண்பகம் அக்கா போய்விட்ட செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோவில்பட்டிக் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வேதியியல் துறையின் கண்டிப்பான பேராசிரியை. தமிழ்த்துறையில் இருந்த எனக்கு, என் மகளைக் காப்பாற்றியவர்.

எண்பதுகளின் கடைசியில் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரே வேலைதான். தீர்ந்த பேட்டரிகளை உடைத்துக் கரிக்குச்சிகளை எடுப்பார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வாங்கிய மெழுகை உருக்கி அதில் ஊறவைப்பார். கரியின் நுண்துளைகளை மெழுகு அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகாது. குச்சியின் நுனியில் ஒரு பொடியைத் தேய்த்து, கரைசலில் நிறுத்தி, மின்சாரம் செலுத்துவார். பொடியில் என்ன உலோகம் இருக்கிறது என்பதை, கருவியில் பொருத்திய பேனா தாளில் இழுக்கும் கோடு காட்டிவிடும். "கரையாத கல்லக் கூட பேச வச்சிரலாம்ட்டி" என்பார்.

அப்போது என் மகள் மீனாவுக்கு ஒன்றரை வயது. வாரக்கணக்கில் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், முகம் வெளுத்துப்போனது. பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. ஒரு மதியம் வலிப்பு வந்தது. வாயில் நுரையோடு அவள் விறைத்துப்போனாள்.

செய்தி கேட்டு மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இவ வாயில எதப் போடுதா?"

"பாலும் சோறும்தான் குடுக்குதேன், அக்கா."

"நீ குடுக்கிறதக் கேக்கல. இவளா எதக் கடிக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் நடக்கத் தெம்பில்லாத மீனா சன்னலுக்குத் தவழ்ந்து போய், கம்பியைப் பிடித்து எழுந்து, வழக்கம்போல வாயை வைத்தாள். கம்பியில் செம்மஞ்சள் பெயிண்ட் உரிந்திருந்தது. அக்கா பாய்ந்து அவளைத் தூக்கினார். அந்தப் பெயிண்டில் விஷ உலோகம் இருக்கலாம் என்றார்.

பெயிண்டைப் பிளேடால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். முதலில் வெறும் குச்சியை வைத்தார். கோடு சமமாக ஓடியது. பிறகு பெயிண்ட் துகளைத் தேய்த்த குச்சி. விசையில் கை வைத்தவர் உடனே அழுத்தவில்லை.

"பயமா இருக்கா, அக்கா?"

"இல்லாம இருக்குமா? ஆனா தெரியாம பயப்படுததுக்குத் தெரிஞ்சு பயப்படலாம்."

விசையை அழுத்தினார். பேனா சற்று நேரம் தாளின் அடிப்பக்கமாக ஊர்ந்தது; திடீரென்று மேலே ஏறியது. ஈயம்; குழந்தையின் மூளையைத் தாக்கும் விஷம். வேறொரு குச்சியில் மறுபடியும் பார்த்தார். அதே இடத்தில் அதே ஏற்றம்.

அன்றே மதுரைக்குப் பஸ் ஏறினோம். கரிசல் காடு நெடுகிலும் மீனாவின் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கே அது நின்றுவிடுமோ என்று அவள் மார்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், பேனா கோடு விழுந்த தாளைப் பார்த்துவிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார். ஈயம் உறுதியானது. பல நாள் மருந்துக்குப் பிறகு ஒரு காலையில் மீனா பசி என்று அழுதாள். அக்கா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் அழுததை அன்று மட்டும்தான் பார்த்தேன்.

இன்று என் பேத்தி எதையாவது வாயில் வைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கண்ணை மூடிக்கொள்வதில்லை; கிட்டே போய், அவள் வாயைத் திறந்து, என்னவென்று பார்க்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.