ரோஸ் நிறக் கூம்பு

பல்செட்காரரை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பாதித் தெருவின் வாயில் அவருடைய கைவேலைதான் இருக்கிறது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து, பல்லைப் பல்லாகப் பொருத்தி, ஈறுக்கு ரோஸ் நிறம் கொடுத்து, வழவழவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். புதிதாகப் பல்செட் போட்டவர்களுக்கு முதலில் பேச்சு குளறும். வார்த்தை வரவேண்டிய இடத்தில் காற்று வரும். அப்படிப்பட்டவர்களை டாக்டர் நேரே இவரிடமே அனுப்பிவிடுவார். எதிரில் உட்காரவைத்து, "சட்டை, சாவி, சித்தப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். கண்ணை மூடிக் கேட்பார். இங்கே ஒரு சுரண்டல், அங்கே ஒரு சுரண்டல். சித்தப்பா சுத்தமாக வந்த பிறகுதான் ஆளை எழுந்திருக்கவே விடுவார்.

இத்தனை நல்ல மனிதருக்கு வீட்டில் ஒரு வியாதி இருந்தது. ஸ்பீக்கர் வியாதி. மற்றவர்கள் ஸ்பீக்கரை வாங்கிப் பாட்டுக் கேட்பார்கள். இவர் ஸ்பீக்கரைக் கழற்றி, மறுபடி மாட்டி, ஏன் இப்படிக் கேட்கிறது என்று யோசிப்பார். அதிலும் ஸ்பீக்கரின் வாய்க்கு முன்னால் வைக்கிற கூம்பின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். வேவ்கைடு என்று அதற்குப் பெயர். சத்தத்தை இஷ்டத்துக்கு ஊர் சுற்றவிடாமல், இன்ன திசைக்குப் போ என்று பிடித்து அனுப்புகிற சமாசாரம். அதன் வளைவு கொஞ்சம் பிசகினாலும் சத்தம் முரண்டு பிடிக்கும். அந்த வளைவுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஒத்திகை பார்த்து, சமையல்மேடையின் ஓரத்தில் வைத்திருந்த முப்பரிமாணப் பிரின்டரில் அச்சடித்து எடுப்பார். எடுத்ததைச் சோதிக்க, ஹாலில் மைக்கை நட்டுவைத்து, 'ஊஊய்ய்ய்ங்' என்று கீழிருந்து மேலே போகிற ஒரு சத்தத்தை ஓடவிடுவார். பக்கத்து வீட்டம்மா, பூனை எங்கேயாவது மாட்டிக்கொண்டதா என்று இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

வீட்டில் இதற்கு ஆதரவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தான். கடைக்குப் போகிற வழியில் சாப்பிட வருவான். சாப்பிட்டு முடித்த பிறகும் போகமாட்டான். அவனுக்கு வேவ்கைடு என்றால் புனல். "மாமா, இன்னிக்கு என்ன புனலு?" என்பான். மனைவிக்கு அது தூசி துடைக்கவேண்டிய இன்னொரு சாமான், அவ்வளவுதான். பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அவள் ஈரத் துண்டு காயப்போடுவாள். அவர் எடுத்துவைப்பார். அவள் மறுபடி போடுவாள்.

மனைவியின் வேலை பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது. மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. நல்ல கணீரென்ற குரல் அவளுக்கு. ஆனால் கீழே, தகரக்கூரை போட்ட அந்தப் பெரிய கூடத்தில், குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிய புண்ணியவான் அவற்றைக் கூரையைப் பார்த்தபடி கட்டித்தொலைத்திருந்தான். அவள் சொல்வது நேரே தகரத்தில் போய் முட்டும். அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து தரை, தரையிலிருந்து மறுபடி தகரம். கடைசியில் பயணிகள் காதில் விழும்போது அது வெறும் 'வவ்வவ்வவ்வா'வாகத்தான் இருக்கும். பஸ் வருகிறது என்றாலும் வவ்வவ்வா, பஸ் ரத்து என்றாலும் வவ்வவ்வா. மூட்டை முடிச்சோடு வந்த ஒரு பெரியவர், போய்விட்ட பஸ்ஸுக்காகப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே அறையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அது நன்றிக் கும்பிடு இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். துண்டை ஸ்பீக்கர் மேலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பல்செட்காரருக்குத் திக்கென்றது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தத் துண்டை அவளாக எடுத்து அவர் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினாருங்க. நான் பேசுறது யாருக்கும் புரியலையாம். புகார் மேல புகாராம். அடுத்த மாசத்துலேருந்து மெஷின் குரல் போடப் போறாங்களாம்."

"உன்ன?"

"என்னை டிக்கெட் கவுன்டர்ல உக்காரச் சொல்றாங்க." துண்டின் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நிஜமாவே என் குரல்லதான் ஏதோ கோளாறோ?"

பல்செட்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாதாரணமாகக் கோபமே வராத ஆள். "உன் குரல்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு குழாய்ல. அந்தக் குழாய்ல எந்த மகாராணி வந்து பேசினாலும் வவ்வவ்வாதான். மெஷினும் வவ்வவ்வாதான் சொல்லும்."

"இத நீங்க வந்து மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

சொன்னார். மறுநாளே போய், குழாய்க்குப் பதில் தன் கூம்பை மாட்டினால் எல்லாம் புரியும் என்று சொன்னார். மேனேஜர் கெட்டவர் இல்லை. புகார் வாங்கி வாங்கி அலுத்துப்போன ஒரு மனிதர், அவ்வளவுதான். மீசைக்குள்ளேயே பேசுகிறவர். அவர் பேசியதில் பல்செட்காரருக்குப் பாதிதான் பிடிபட்டது. மீசைக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது இவ்வளவு: ஒரு நாள் உங்கள் கூம்பை மாட்டிப் பாருங்கள். கீழே உட்கார்ந்து நானே கேட்கிறேன். புரிந்தால் பார்க்கலாம், புரியாவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பல்செட்காரர் கூடத்தை அளந்துகொண்டு வந்து, பெஞ்சுகள் எங்கே, தூண்கள் எங்கே, தகரம் எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். சத்தம் பெஞ்சுகளின் மேல் அகலமாக விரியவேண்டும். தகரத்தின் பக்கம் தலைகூடக் காட்டக்கூடாது. அதற்கு வாய் அகலமாகவும் உயரம் குறைவாகவும் ஒரு கூம்பு வேண்டும். வளைவை வரைவார், ஒத்திகைக்கு விடுவார், கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். முடிந்ததும் திரையில் சத்தம் போகிற இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக, போகாத இடமெல்லாம் நீலமாக வரும். தகரத்தில் சிவப்பு தெரிந்தால் "ச்சே" என்று மறுபடி முதலிலிருந்து வரைவார். மச்சினன் பின்னால் நின்று, டிவியில் வானிலைப் படம் பார்ப்பவன் போல, "மாமா, மழை வருமா?" என்று கேட்பான்.

கம்ப்யூட்டர் கிழடு. முழுக் கூம்பைக் கொடுத்தால் திணறித் தூங்கிவிடும். ஆனால் கூம்புக்கு இடதும் வலதும் ஒன்று, மேலும் கீழும் ஒன்று. அதனால் கால் பங்கை மட்டும் வரைந்து கொடுத்தால் போதும். மீதியை அதுவே கண்ணாடியில் பார்ப்பது மாதிரி பாவித்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த அன்று பல்செட்காரர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

கடைசியில் ஒருநாள் தகரம் முழுக்க நீலமாக வந்தது. பெஞ்சுகள் சிவந்து ஜொலித்தன. அந்த வரைபடத்தை அப்படியே பிரின்டருக்கு அனுப்பினார். வீட்டில் இருந்தது ஈறு நிறப் பிளாஸ்டிக் சுருள்தான். நிறத்தைப் பார்க்கிற நிலையிலா இருந்தார்? பிரின்டரை ஓடவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் கூம்புப் புராணம்தான். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் பாவம், எழுந்து ஓடவா முடியும்?

வீட்டுக்கு வந்தால் மச்சினன் பிரின்டருக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, ரொம்ப அழகா வந்திருக்கு. மீதி முக்கால் எங்க?"

பிரின்டரில் கால் கூம்பு உட்கார்ந்திருந்தது. கால் கூம்பை வரைந்தவர் கால் கூம்பைத்தானே அனுப்பியிருந்தார்! பல்செட்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் மச்சினனிடம் ஒத்துக்கொள்ள மனம் வருமா?

"துண்டு துண்டாத்தான் அடிக்கணும். அப்பதான் உறுதியா இருக்கும். இன்னும் மூணு வரும், பொறு."

வீம்புக்கு அதையே இன்னும் மூன்று அடித்தார். பிரின்டர் ஓய்ந்ததும் மச்சினனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தார். ஒன்றை வைத்தார். இரண்டாவதைக் குறுக்கே எதிர் மூலையில் வைத்தார், பொருந்தியது. மூன்றாவது பொருந்தவில்லை. திருப்பினார். கவிழ்த்தார். குட்டிக்கரணம் போடவைத்தார். எப்படி வைத்தாலும் கூம்பின் ஒரு பக்கம் முன்னால் பார்த்தது, இன்னொரு பக்கம் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்தது. மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனான்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். இத்தனை நாளும் கூம்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் அதைப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. கண்ணாடிக்குள்ள தெரியுது பாருங்க, அதுதானே உங்களுக்கு வேணும்? நீங்க நாலும் ஒரே கைக்கு உறை தச்சு வச்சிருக்கீங்க."

பல்செட்காரர் திருதிருவென்று விழித்தார். இடது கடைவாய்ப்பல் வேறு, வலது கடைவாய்ப்பல் வேறு என்று வாழ்நாள் முழுக்கப் பல் கட்டிப் பிழைக்கிற ஆசாமி! ஒரு வாய்க்கு நாலும் வலது பக்கப் பல்லாக வைத்திருந்தால் டாக்டர் கத்தியோடு துரத்தியிருப்பார். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் சிரித்தே விட்டாள். டிக்கெட் கவுன்டர் பேச்சு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதற்காக இன்னும் நாலு தப்பாக அடிக்கவும் அவர் தயாராக இருந்தார்.

கண்ணாடிக்குள் தெரிந்த மாதிரித் துண்டுகளையும் பிரின்டரில் அடித்தார். ஒட்டினார், பட்டறைக்குக் கொண்டுபோய், பல்செட் தேய்க்கிற பொடியைப் போட்டு மொழுமொழுவென்று தேய்த்தார். அதே மாதிரி இன்னொன்றும் செய்தார். மச்சினன் கடையைப் பூட்டிவிட்டு ஏணியோடு வந்தான். பழைய குழாய்களை இறக்கி, அவற்றின் ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கூம்புகளுக்குப் பின்னால் பொருத்தி, தூணுக்கு ஒன்றாக இரண்டு கூம்புகளையும் பெஞ்சுகளைப் பார்த்தபடி மாட்டினார்கள். பளபளவென்று ரோஸ் நிறத்தில் இரண்டு பெரிய வாய்கள் கூடத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டன. பயணிகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மனைவி மாடிக்குப் போனாள். துணைக்கு மச்சினனும் போனான். மேனேஜர் கீழே நடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பல்செட்காரர், உட்கார முடியாமல் நின்றார். அவள் குரல் வந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் நிற்கும் பஸ் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

எழுத்து எழுத்தாக விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், காதோரம் யாரோ சொன்ன மாதிரி துள்ளி எழுந்து, பையை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினார். கூடம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. மேனேஜரின் மீசை கொஞ்சம் மேலே ஏறியது. பல்செட்காரருக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு நின்றிருந்தால் தேவலை. ஆனால் மைக்கை அணைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் கீழே வவ்வவ்வாதான் என்றால், எவள் மெனக்கெட்டு அணைப்பாள்?

"கேட்டிருக்குமாடா?" என்றது கூம்பு.

"எல்லாருக்கும் கேட்டிருக்கும்க்கா," என்றது, மச்சினன் குரலில்.

"அந்த மேனேஜருக்குப் புரிஞ்சிருக்கணுமே. என் பேச்சு புரியலன்னு சொல்றாரு மனுஷன். அவர் பேசினா எதிர்ல நிக்கிறவனுக்கே புரியாது. மொதல்ல அந்த மீசைய வெட்டச் சொல்லு."

கூடத்தில் ஒருவர் களுக்கென்றார். மேனேஜர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பல்செட்காரர் மாடியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். அவள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. வேலை போச்சு, தன் கூம்பாலேயே போச்சு என்று இன்னும் வேகமாக ஆட்டினார். கூம்பு விடுவதாக இல்லை.

"உனக்குத் தெரியாதுடா. எத்தன வருஷம் வாய் வலிக்கக் கத்தியிருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. எனக்கே என் குரல் மேல நம்பிக்கை போயிடுச்சு. உங்க மாமா ஒருத்தர்தான் என் குரல்ல கோளாறு இல்லன்னாரு. பைத்தியக்கார மனுஷன், நாலு துண்டையும் ஒரே பக்கத்துக்கு அடிச்சு வச்சிட்டு முழிச்சாரு பாரு, அப்ப முடிவு பண்ணேன். வேலை போனாலும் போகட்டும். எனக்காக இப்படி முட்டாளாகிறதுக்கு ஒரு ஆள் இருக்கே, அது போதும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாரும் பல்செட்காரரைப் பார்த்தார்கள். அவர் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லாததை இப்படி ஊரைக் கூட்டிச் சொல்கிறாளே என்று இருந்தது அவருக்கு.

அப்போதுதான் அவள் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். "ஏன்டா எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க? மைக் ஆன்லயா இருக்கு?"

"ஆமா!" என்றது மொத்தக் கூடமும்.

மேனேஜர் எழுந்தார். மாடிப்படியை நோக்கி நடந்தார். பல்செட்காரர் பின்னாலேயே ஓடினார். கண்ணாடி அறைக்குள் மனைவி வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். மச்சினன் மேஜைக்கடியில் எதையோ தேடுவது போல் குனிந்திருந்தான். மேனேஜர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, மீசையை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"அம்மா, நாளைலேருந்து மைக்க அணைச்சிட்டு திட்டுங்க."

நாளையிலிருந்து என்றால் நாளைக்கும் அவள் இங்கேதான். பல்செட்காரருக்கு அது உறைக்கும் முன்னால் கீழே கூடத்துக்கு உறைத்துவிட்டது. கைதட்டல் படியேறி வந்தது. மனைவிக்கும் உறைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த பஸ் வந்து நின்றது. அழுதுகொண்டே உட்கார்ந்து, அது எந்த நடைமேடை, எப்போது புறப்படும் என்று சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் விசும்பினாள். கடைசி பெஞ்சில் இருந்தவருக்கும் அந்த விசும்பல் சுத்தமாகக் கேட்டது. ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.